பின்னல் வேலைக்கு மெத்தென்ற பாலியஸ்டர் நூலைத் தேர்ந்தெடுத்தல்

தறி ஓய்ந்திருக்கும் நாட்களில் வீட்டிலிருந்தவாறே செய்யத்தக்க உபதொழில்களுள் பின்னல் வேலையும் ஒன்று. இதற்கு வேண்டிய முதல் மிகச் சொற்பம். ஒரு ஜோடிப் பின்னல் ஊசி அல்லது ஒரு குரோஷாக் கொக்கி, சில நூல் உருண்டைகள், இவ்வளவே. ஆயினும் அச்சொற்ப முதலில் பெரும்பங்கு நூலுக்கே செல்கின்றது. நூல் தேர்வில் பிசகு நேருமாயின், கைவேலை எத்துணை நேர்த்தியாக அமைந்திருப்பினும் பொருள் விரைவில் பொலிவிழந்துவிடும். வாங்கியவர் மறுமுறை நம்மை நாடி வரமாட்டார். பத்து நாள் மாலை வேளைகளில் பின்னிய ஒரு போர்வை இரண்டாம் சலவையிலேயே உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டினால், போனது நூலின் விலை மட்டுமன்று. பத்து நாள் உழைப்பும் அதனோடு போயிற்று.

இந்நாளில் கடைகளில் குவிந்து கிடக்கும் பின்னல் நூல்களுள், மெத்தென்ற பாலியஸ்டர் நூல் கண்ணையும் கையையும் எளிதிற் கவர்கின்றது. வெல்வெட்டைப்போல் வழுவழுப்பாயிருப்பதும், பூனைக்குட்டியின் ரோமம்போல் புசுபுசுவென்றிருப்பதும், விரற்கடை அளவு பருத்திருப்பதுமாக அதில் பல வகைகள் உண்டு. பஞ்சு விளைவிப்போரும் பஞ்சு நூலை நெய்வோருமாகிய நம் அங்கத்தினர்களிற் சிலர், “இது நமக்கு எதற்கு?” என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் பின்னல் வேலையில் ஈடுபட்டுள்ள நம் குடும்பத்துப் பெண்களிடம், வாங்குவோரே இந்நூலாற் செய்த பொம்மையையும் போர்வையையும் கேட்கின்றனர். கேட்பவரிடம் இல்லை என்று சொல்லுமுன், அந்நூல் எதற்கு ஏற்றது, எதற்கு ஏலாதது என்பதை அறிந்து வைத்திருத்தல் நலம். அங்ஙனம் அறிந்தவர்தாம் பருத்தி நூலுக்குரிய இடம் எது என்பதையும் துணிந்து கூற இயலும்.

முதற்கண் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் பின்னலுக்கான தடித்த நூல் யாவும் ‘உல்லன் நூல்’ என்றே வழங்கப்படுகின்றன. அவற்றிற் பெரும்பாலானவற்றில் ஆட்டு ரோமம் பெயரளவுக்கும் இராது; அக்ரிலிக் ஆகவோ பாலியஸ்டர் ஆகவோ இருக்கும். ‘பேபி’, ‘சில்க்’, ‘வெல்வெட்’ முதலிய அடைமொழிகள் வியாபாரிகள் இட்ட பெயர்களேயன்றி, இழை இன்னது என்பதைக் கூறுவன அல்ல. உருண்டையைச் சுற்றியுள்ள சீட்டில் இழையின் பெயரும் விழுக்காடும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். சீட்டில்லாத நூலாயின், பட்டுக்கும் பருத்திக்கும் நெசவாளர் செய்யும் அதே தீச்சோதனை இங்கும் உதவும். ஒரு விரல் நீள நூலை இடுக்கியாற் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக் கொளுத்துக. பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். ரோமம் தலைமுடி கருகும் நாற்றம் தரும். பாலியஸ்டரோ சுடரைக் கண்டு சுருங்கி, உருகி, கறுத்த கெட்டி மணியாக உறைந்துபோகும். அக்ரிலிக்கும் உருகுமாதலின், அவ்விரண்டையும் இச்சோதனையால் மட்டும் பிரித்தறிவது கடினம்.

பாலியஸ்டர் இழையை 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு ரசாயன அறிஞர்கள் கண்டுபிடித்தனர். ‘டெரிலின்’ என்ற பெயருடன் அது உலகெங்கும் பரவியது. கசங்காத டெரிலின் சட்டையை நம் நாட்டினர் பெருமையுடன் அணிந்த காலத்தையும், சித்திரை வெயிலில் அது முதுகோடு ஒட்டிக்கொண்டதையும் முதியோர் மறந்திரார். அந்தச் சட்டையின் வழவழத்த விறைப்புக்கும் இன்றைய பின்னல் நூலின் மென்மைக்கும் ஒரு தொடர்பும் இல்லாததுபோல் தோன்றும். மூலப்பொருள் ஒன்றே, மாறியது இழையின் நுண்மையும் நூலின் அமைப்புமே.

இவ்விடத்தில் நெசவாளருக்குப் பழக்கமான கணக்கு ஒன்று கைகொடுக்கும். பருத்தி நூலை நாம் நெம்பரால் அளக்கிறோம். ஒரு ராத்தல் நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனையோ அதுவே நெம்பர். ஆகவே நெம்பர் ஏற ஏற நூல் மெலியும். செயற்கை இழைக்கு அளவு டெனியர். 9,000 மீட்டர் நீளம் எத்தனை கிராம் எடை உள்ளதோ அதுவே டெனியர். இதில் எண் ஏற ஏற நூல் தடிக்கும். 150 டெனியர் நூல் ஏறக்குறைய 35-ஆம் நெம்பர் பருத்தி நூலுக்குச் சமம். ஆனால் மென்மையைத் தீர்மானிப்பது இந்த மொத்தத் தடிமன் அன்று. அந்நூலுக்குள் எத்தனை தனி இழைகள் அடங்கியுள்ளன என்பதே முக்கியம். ஆலைப் பெட்டிகளில் 150/48 என்றும் 150/288 என்றும் குறித்திருப்பதைக் காணலாம். முன்னதில் 48 இழைகள். ஒவ்வொன்றும் மூன்று டெனியருக்குச் சற்று மேல். பின்னதில் 288 இழைகள். ஒவ்வொன்றும் அரை டெனியர் அளவே. இரண்டும் ஒரே தடிமன், ஒரே பொருள். எனினும் முதலது துடைப்பக் குச்சிகளின் கட்டுப்போலவும், இரண்டாவது பஞ்சுப் பொதிபோலவும் கைக்குப் படும். ஒரு டெனியருக்குக் குறைந்த இழைகளையே மைக்ரோ இழை என்கின்றனர்.

சில்லறைக் கடையில் விற்கும் உருண்டையின்மேல் இக்கணக்கு எழுதப்பட்டிராது. அதனாற் குறைவில்லை. நூலின் நுனியை முறுக்குப் பிரித்து, கறுப்புத் துணியின்மேல் விசிறிபோல் விரித்துப் பார்த்தால் இழைகளின் நுண்மை கண்ணுக்கே புலனாகும். இதில் ஓர் இடையூறும் உண்டு. மிக நுண்ணிய இழை, வயல் வேலையாலும் தறி வேலையாலும் காய்த்துப்போன விரல்களில் எளிதில் மாட்டிக்கொள்ளும். கடையில் நகரத்துப் பெண்மணி ஒருவருக்கு இன்பமாயிருக்கும் நூல், நம் வீட்டில் நித்தம் எரிச்சலூட்டக்கூடும்.

நுண்மைக்கு அடுத்தது முறுக்கு. தளர்ந்த முறுக்குள்ள நூல் தொட்ட மாத்திரத்தில் மெத்தென்றிருக்கும். ஆனால் அதன் இழைகள் விரைவில் வெளிப்பட்டு உருண்டையாகத் திரளும். ரோம நூலிலும் இவ்வுருண்டைகள் தோன்றுவதுண்டு. அவ்விழை வலுவற்றதாகையால் நாளடைவில் அறுந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை வலுவுள்ளது. உருண்டை உதிராமல் துணியையே பற்றிக்கொண்டு நிற்கும். வலிமையே குறையாய் முடியும் விந்தை இது. ஆகவே துண்டு இழைகளால் நூற்ற பாலியஸ்டர் நூலாயின், இரண்டு மூன்று புரிகளாகச் சேர்த்து ஓரளவு இறுக முறுக்கியதையே நாடுக. நெடிய தொடர் இழைகளால் ஆனதாயின் இவ்வச்சம் குறைவு.

மூன்றாவதாகக் கூற வேண்டியது ஆலையில் ஏற்றும் மெருகு. நூலின்மேல் வழுவழுப்புத் தரும் சிலிக்கோன் பூச்சு முதலியவற்றை ஏற்றி அனுப்புவதுண்டு. கடையில் நம்மை மயக்குவது பெரும்பாலும் இதுவே. சில சலவைகளில் அது குறைந்துபோக, இழையின் உண்மைத் தன்மை வெளிப்படும். எனவே கடையில் விரலால் தொட்டு மட்டும் முடிவு செய்வது போதாது. ஒரே ஓர் உருண்டையை முதலில் வாங்கி, நான்கங்குலச் சதுரத் துண்டு ஒன்றைப் பின்னுக. அதனை அளந்து குறித்துக்கொண்டு, வீட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் சோப்பிட்டு மூன்று முறை துவைத்து உலர்த்துக. பின்னர் உள்ளங்கைகளுக்கிடையே ஐம்பது முறை அழுந்தத் தேய்த்துப் பார்க்க. அதன்பிறகும் கழுத்தில் வைத்தால் குத்தாமலும், பிசிறு திரளாமலும், சாயம் விடாமலும், அளவு மாறாமலும் இருந்தால் அந்நூலை நம்பலாம். கழுத்தை ஏன் சொல்கிறோமெனில், உழைத்த விரல்களுக்குத் தெரியாத உறுத்தல் கழுத்துத் தோலுக்குத் தெரியும்.

இனி, எதற்கு இந்நூல்? பாலியஸ்டர் ஈரத்தை ஏற்பதில்லை. சாதாரணக் காற்றிலிருந்து பருத்தி தன் எடையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கும், ரோமம் பதினைந்து பதினாறு பங்கும் ஈரம் ஏற்கும்; பாலியஸ்டரோ அரைப் பங்குக்கும் குறைவு. அதனால் அது விரைவில் உலரும், பூஞ்சணம் பூக்காது, பூச்சி அரிக்காது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மழைநாளில் உலராத கம்பளியோடு போராடுவோருக்கு இது பெரிய வசதி. மெத்தை உறை, மேற்போர்வை, பொம்மை, கைப்பை ஆகியவற்றுக்கும் இது தாராளமாக ஏற்கும். ஆனால் சமவெளியின் வெயிலில் உடலோடு ஒட்டி அணியும் சட்டைக்கோ, குழந்தையின் தலைக் குல்லாய்க்கோ இதனைப் பயன்படுத்துதல் தகாது. வியர்வை உள்ளேயே தங்கும். அவ்விடம் ஐயமின்றிப் பருத்திக்கே உரியது. பச்சிளங் குழந்தைகளுக்கான பொருள்களில் ரோமம் நீண்ட நூலை அறவே விலக்குக. குழந்தை வாயில் வைத்துச் சப்பும்போது பிசிறு தொண்டைக்குச் செல்லும். ஓராண்டு நிரம்பாத குழந்தை உறங்குமிடத்தில் தளர்ந்த போர்வை எதுவும் இருத்தலாகாது என்பது மருத்துவர் கூற்று. போர்வையை விற்கும்போது இதையும் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

அடுப்படிக்கு இந்நூல் வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் ஏறத்தாழ 255 முதல் 260 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும். அதற்கு வெகு முன்னரே இளகி உருக்குலையும். சூடான தோசைக் கல்லையோ வாணலியையோ பிடிக்கும் துணியை இதனாற் பின்னினால், உருகிய இழை கையோடு ஒட்டித் தோலை உரித்துவிடும். பிடிதுணியும் சூட்டுப் பாத்திரம் வைக்கும் வட்டும் தடித்த பருத்தி நூலாலேயே பின்னப்படுதல் வேண்டும். அழகிய வண்ணத்தைக் கண்டு இவ்விதியைத் தளர்த்துவோர் உண்டு. தளர்த்தலாகாது.

இஸ்திரிப் பெட்டியையும் அண்ட விடாதீர். பின்னல் துண்டின்மேல் சூடான பெட்டியை வைத்தால், அதன் உப்பலும் மீள்தன்மையும் போய், நனைந்த காகிதம்போல் துவண்டுவிடும். மீண்டும் பழைய நிலைக்கு வாராது. ரோம நூற் பின்னலை நனைத்து இழுத்து ஊசி குத்தி உலர்த்தி வடிவம் திருத்துவது வழக்கம். பாலியஸ்டரில் அத்திருத்தம் நிலைத்து நிற்பது அரிது. ஆகவே தொடக்கத்திலேயே மாதிரித் துண்டின் கண்ணிகளை எண்ணி, அளவைக் கணக்கிட்டுக்கொண்டு பின்னுவதே வழி.

வெல்வெட் போன்ற நூலைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. நடுவில் மெல்லிய நூல்கள் முறுக்கி நிற்க, அவற்றின் பிடியில் குட்டைக் குட்டை இழைகள் செருகி நிற்பதே அதன் அமைப்பு. நுனியை இரு விரலால் இழுத்துப் பார்த்தால், மட்டமான நூல் வழுக்கையாகிவிடும். நல்லதாயினும், பின்னியதைப் பலமுறை அவிழ்த்துப் பின்னினால் இழைகள் உதிரும். இதிற் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா; விரலால் தடவியே எண்ண வேண்டும். எனவே புதிதாகக் கற்போர் இதிற் தொடங்கலாகாது. வெளிர் நிறமுள்ள, வழவழப்பான, நடுத்தரத் தடிமனுள்ள நூலில் கை பழகிய பின்னரே இதற்கு வருதல் வேண்டும். வேலை முடிந்தபின் நூல் முனையைச் சாண் நீளமாவது விட்டு உள்ளே தைத்துவிடுக. வெறும் முடிச்சு வழுக்கி அவிழும்.

சாயம் பற்றி நெசவாளர் ஒன்றை அறிந்துகொள்ளல் அவசியம். பருத்திக்கு நாம் தோய்க்கும் சாயங்கள் பாலியஸ்டரிற் பற்றா. அதற்கென உள்ள தனிச் சாயத்தை, மூடிய கலத்தில் அழுத்தத்துடன் 130 டிகிரி வரை சூடாக்கியே ஏற்றுகின்றனர். வீட்டுத் தொட்டியிலோ சங்கத்தின் சாயச் சாலையிலோ நிறக் குறையைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் பயன்படாது. ஒரு போர்வைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே சாயத் தொகுதியில், சீட்டிலுள்ள தொகுதி எண்ணை ஒப்பிட்டு, ஒரே தடவையில் வாங்குக. கிராம் எடை மட்டும் பாராமல் மீட்டர் நீளத்தையும் பார்க்க. ஒரே 100 கிராம் உருண்டை நூலின் தடிமனுக்கேற்ப நீளத்திற் பெரிதும் வேறுபடும்.

இங்கேதான் சங்கத்தின் துணை வேண்டப்படுகின்றது. தனித்தனியே இரண்டு உருண்டை வாங்குபவருக்குத் தொகுதி எண்ணும் கிட்டாது, விலைக் குறைப்பும் கிட்டாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பெட்டியாக வாங்கினால் இரண்டும் கிட்டும்.

இவ்விழை துவைக்குந்தோறும் கண்ணுக்குப் புலனாகாத துணுக்குகளை நீரில் உதிர்க்கின்றது என்பதையும் மறைக்கலாகாது. 2016-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், ஆறு கிலோ பாலியஸ்டர் துணிச் சலவையில் ஏறத்தாழ 4,96,000 துணுக்குகளும், அக்ரிலிக் சலவையில் 7,28,000 துணுக்குகளும் வெளிப்படலாம் எனக் கணக்கிட்டனர். சலவை நீர் வாய்க்காலில் கலக்கும் ஊர்களில் வயல் வைத்திருப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். நாள்தோறும் துவைக்கும் பொருளுக்குப் பருத்தியும், எப்போதோ துவைக்கும் பொருளுக்குப் பாலியஸ்டரும் என்று பிரித்துக்கொள்வது ஒருவாறு பொருந்தும்.

விற்கும் பொருள் ஒவ்வொன்றிலும் இழையின் பெயரையும், ‘இஸ்திரி போடலாகாது, தீயருகே வைக்கலாகாது’ என்ற குறிப்பையும் எழுதிய சிறு சீட்டைத் தைத்து அனுப்புக. துவைத்துத் தேய்த்த மாதிரித் துண்டுகளை எறிந்துவிடாமல், நூலின் பெயர், தொகுதி எண், வாங்கிய தேதி, ஊசியின் அளவு ஆகியவற்றைக் குறித்து அட்டையில் ஒட்டிச் சங்க அலுவலகத்தில் வைத்தால், அடுத்து நூல் வாங்கப் போகும் அங்கத்தினர் அதனைக் கையிலெடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லலாம்.