படகேறிய கூட்டாஞ்சோறு

பே ஏரியாத் தமிழர்கள் பிக்னிக் கிளம்பினால் பாதி வீடு காரில் ஏறிவிடும். கரி, கேன் கேனாகத் தண்ணீர், கேரம் போர்டு, பாட்டிக்கு மடக்கு நாற்காலி, தோசைக்கல், கல்லுக்கு ஒரு கேஸ் அடுப்பு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கேஸ் அடுப்பு. மேசைப் பக்கத்திலேயே டிக்கியைத் திறந்து இறக்கிக்கொள்ளலாம் என்ற தைரியம்தான் அத்தனைக்கும் காரணம். அந்தத் தைரியத்தை வாட்ஸாப்பில் ஒரே செய்தியில் பறித்துவிட்டார் எங்கள் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அக்கா: "இந்த வாட்டி ஏஞ்சல் ஐலண்ட். படகுலதான் போகணும். கார் கிடையாது. கையில தூக்க முடிஞ்சாதான் மெனுவுல இருக்கும்."

ஐந்து நிமிடம் குழுவே கப்சிப். அப்புறம் கிளம்பியது பாருங்கள் ரகளை!

ஏஞ்சல் ஐலண்ட் என்பது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் கலிபோர்னியா மாநிலப் பூங்கா. நடுவில் 788 அடி உயர லிவர்மோர் மலை, சுற்றிலும் தண்ணீர், கரைக்குப் பாலம் இல்லை. சான் பிரான்சிஸ்கோ ஃபெர்ரி பில்டிங்கிலிருந்து படகு பிடிக்கலாம். வடக்கே டிபுரான் என்ற பணக்கார ஊரிலிருந்து ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. நாங்கள் டிபுரானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இயற்கை அழகு இல்லை. குட்டி இட்லி ஆறிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி திரைக்குப் பின்னால் வாருங்கள். அக்கா கூகுள் ஷீட் ஒன்று போட்டார். பெயர், எத்தனை பேர், என்ன கொண்டுவருகிறீர்கள் என்ற வழக்கமான கட்டங்களுக்குப் பக்கத்தில், இதுவரை எந்தத் தமிழ் பிக்னிக்கும் காணாத ஒரு கட்டம்: 'எடை'. அதற்கும் பக்கத்தில் 'தூக்கப்போவது யார்?' சாம்பார் முதல் சுற்றிலேயே அவுட். படகு ஆடும், சாம்பாரும் ஆடும். பிரியாணிக்காக ஒரு தரப்பு கடைசிவரை போராடியது. அண்டாவோடு தூக்க ஆள் முன்வராததால் தீர்மானம் தோற்றது. ரசத்தைப் பிளாஸ்கில் கொண்டுவருகிறேன் என்ற ஒரு பெரியவருக்கு மட்டும் கருணை அடிப்படையில் அனுமதி. அப்புறம் பூங்கா விதிகள்: விறகு மூட்டத் தடை, கரி அடுப்பு பரவாயில்லை. ஸ்கேட்டிங் சக்கரம் கூடாது. நாய்க்கும் அனுமதி இல்லை என்றதும், நாயையும் கணக்கில் சேர்த்து 'ஐந்து பேர்' என்று எழுதியிருந்த குடும்பம் அதை 'நாலு' ஆக்கி, பக்கத்தில் அழுமூஞ்சிப் பொம்மை ஒன்றைப் போட்டது.

கடைசியில் நின்றவை கட்டுச்சோற்று வகையறா. புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய குட்டி இட்லி, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளத்துக்குப் பதில் வடகம். நம் பாட்டிமார் ரயில் பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த அதே பட்டியல்! ஷீட் வைத்து எங்கெங்கோ சுற்றிவிட்டு அங்கேயேதான் வந்து நின்றோம்.

முதல் நாள் ராத்திரி ஃபிரீமாண்டில் புளியோதரை மாமி வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தேன். புளிக்காய்ச்சல் இரண்டு நாள் முன்பே தயார். உதிரியாக வடித்த சாதத்தை அகலத் தாம்பாளங்களில் பரப்பி, நல்லெண்ணெயைச் சுற்றி ஊற்றி, மேசை விசிறியைத் திருப்பிவைத்து ஆறவிட்டிருந்தார். கிளற வந்தவர்களிடமிருந்து கரண்டி பறிமுதல். "கையாலதான் கலக்கணும், பருக்கை உடைஞ்சா கூழாயிடும்." வறுத்த வேர்க்கடலை தனி டப்பாவில். இப்போதே போட்டால் நமத்துப்போகுமாம். தீவில் இறங்கியபிறகுதான் அது சாதத்தில் விழ வேண்டும். அலுமினிய ட்ரேக்களுக்கு ஃபாயில் மூடி, அதன்மேல் பிளாஸ்டிக் சுற்று, அதன்மேல் பழைய துண்டு. காலையில் குட்டி இட்லிக்கு நடந்த வித்தை இன்னும் அழகு. கூலர் பெட்டிக்குள் வெந்நீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் மூடிவைத்து, கொட்டிவிட்டு, துடைத்து, சூடான ட்ரேயை உள்ளே இறக்கினார். ஐஸ் வைக்கிற பெட்டி ஹாட்பேக் ஆகிவிட்டது!

சாலை விஷயத்தில் சன்னிவேல் சித்தப்பாவின் மூளைக்கு ஒரு சலாம் போட வேண்டும். கோல்டன் கேட் பாலத்தில் வடக்கே போகிற வண்டிக்குச் சுங்கம் இல்லை, தெற்கே திரும்புகிற வண்டிக்குத்தான். ரிச்மண்ட்–சான் ரஃபேல் பாலத்திலோ மேற்கே போனால்தான் காசு, கிழக்கே வந்தால் இல்லை. ஆக, போகும்போது 280 பிடித்து கோல்டன் கேட், வரும்போது ரிச்மண்ட் பாலம் ஏறி 880 வழியாக ஒரு சுற்று. இரண்டு பெரிய பாலம், ஒரு சென்ட் செலவில்லை. "சுத்துற சுத்துக்கு கேஸ் யாரு போடுவா?" என்று சித்தி கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

டிபுரானில் வண்டியை நிறுத்த கணிசமான பணம் கேட்கிறார்கள். அதைக் கடந்துவந்தால் உண்மையான பரீட்சை, படகுத்துறையின் சாய்பாலம். மிதவைத்துறை கடலோடு ஏறி இறங்கும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் பாலம் நன்றாகச் சரிந்து தொங்கும். எங்கள் மடக்கு வண்டிகள் வரிசையாக இறங்கியபோது சரிவாகத்தான் இருந்தது. முன்னால் ஒருவர் பின்னோக்கி நடக்க, பின்னால் இருவர் கைப்பிடியை இழுத்துப் பிடிக்க, நடுவில் தயிர்சாதம். "மெதுவா, மெதுவா, லெஃப்ட்ல, அண்ணா லெஃப்ட்ல!" படகு ஊழியர் ஒருவர் தானாக வந்து ஒரு முனையைப் பிடித்தார். வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பில் ஒரு குட்டி இட்லிப் பொட்டலம் கைமாறியது. லஞ்சம் இல்லைங்க, நன்றி.

படகு ரக்கூன் ஜலசந்தியைக் குறுக்கே வெட்டியது. ரக்கூன் பிராணி எங்கே என்று பிள்ளைகள் தண்ணீரில் தேடினார்கள். 1814-இல் இங்கே பழுதுபார்த்துக்கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. நீரோட்டம் இழுக்கும் இழுப்பும் அடித்த காற்றும் சேர்ந்து பட்டுப்புடவைக்காரர்களை நேராக ஸ்வெட்டருக்குள் அனுப்பின. கோடைதானே என்று அரைக்கை சட்டையில் வந்தவர்களைச் சொல்லவே வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ மூடுபனிக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது.

இறங்கும் இடம் அயாலா கோவ். 1775-இல் சான் கார்லோஸ் கப்பலில் வந்த ஸ்பானியர் அயாலாவின் பெயர். கப்பல்கள் வழியாக நோய் வராமல் தடுக்கும் க்வாரன்டைன் நிலையம் ஒருகாலத்தில் இங்கேதான் இருந்தது. இப்போது புல்வெளி, மேசைகள், கரி அடுப்புகள். நல்லவேளை, துறையிலிருந்து கூப்பிடு தூரம்தான். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு என்று ஷீட்டில் இருந்தது. ஃபாயிலைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாமே என்று யாரோ தொடங்கியதில் பதினொன்றரைக்கே பந்தி. வேர்க்கடலை உரிய மரியாதையுடன் விழுந்தது. மேசை நுனியில் வைத்த முறுக்கு டப்பாவை ஒரு கடற்காகம் நோட்டம் விட, அந்தக் காகத்தை எங்களில் ஒருவர் நோட்டம் விட, பாதுகாப்புப் பணிக்கு ஷிஃப்ட் போடவேண்டியதாயிற்று.

சாப்பிட்ட கையோடு சிலர் மலைப்பாதை ஏறினார்கள். நாங்கள் சிலர் கரையோரமாக நடந்து பழைய குடியேற்ற நிலையத்துக்குப் போனோம். 1910 முதல் 1940 வரை, பசிபிக் கடல் தாண்டி வந்தவர்களில் பலரை இங்கே நிறுத்தி விசாரித்தார்கள். அதிகம் சிக்கியவர்கள் சீனர்கள். சீனத் தொழிலாளர்களை நாட்டுக்குள் விடாத 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்த காலம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைந்து கிடந்தவர்கள் மரச்சுவரில் கவிதைகளைச் செதுக்கினார்கள். கட்டடத்தை இடிக்கவிருந்த நேரத்தில், 1970-இல், அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்கா ரேஞ்சர் அந்த எழுத்தைக் கவனித்ததால்தான் இன்று நாம் பார்க்கிறோம். இங்கே போட்ட சாப்பாடு தாங்காமல் 1919-இல் கலவரமே வெடித்ததாம். வயிறு முட்டப் புளியோதரை தின்றுவிட்டு அதைக் கேட்க ஒரு மாதிரி இருந்தது. திரும்பும்போது யாரும் அதிகம் பேசவில்லை, பிள்ளைகளைத் தவிர.

கடைசிப் படகைத் தவறவிட்டால் கூடாரம் கட்டத்தான் இடம் இருக்கிறது, அதுவும் முன்பதிவு செய்தவர்களுக்கு. அதனால் முதல் ஊதலுக்கு முன்பே அக்கா தலை எண்ண ஆரம்பித்தார். ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினார், மறுபடியும் கூடுதல். எங்கள் வரிசையில் நின்றபடி வடகம் தின்றுகொண்டிருந்தவர் வேறொரு பிக்னிக்கைச் சேர்ந்தவர்.

வீடு வந்து சேர்வதற்குள் போனில் முதல் செய்தி. ஒரு எவர்சில்வர் மூடியின் படம், கீழே: "இது யாரோடது?" பதில் எழுதியவர்கள் மூன்று குடும்பம். மூவருமே தங்களுடையதுதான் என்கிறார்கள்.