அவணுக்குள் ஒரு தோசைக்கல்

மொன்றியல் தீவு மேற்கே ஒடுங்கிக்கொண்டே போய் முடிகிற மூக்கு நுனிதான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. ஒட்டாவா ஆறு இந்த ஊரை உரசிக்கொண்டு சென் லூயி ஏரிக்குள் இறங்குகிறது. இறங்குகிற இடத்தில் 1843இல் திறந்த ஒரு கால்வாய். கோடையில் உல்லாசப் படகுகள் அதன் மடைக்கதவுகளுக்கு நடுவே வரிசையாக நின்று, நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருந்து போகும். அதைப் பார்க்கவென்றே ஒரு அண்ணை சனிக்கிழமைகளில் டொலார்-டெ-ஸோர்மோவிலிருந்து கார் ஓட்டி வருவார். பார்த்து முடிந்ததும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி.

போன கிழமை வந்தவர் படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி, டொக்டர் நிறையைக் குறைக்கச் சொல்லிப்போட்டார். சோத்தைக் குறைச்சன், சீனியை விட்டன். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் பேரப்பிள்ளையள் வந்தால் பீட்சாதான் வேணுமாம். அதுகள் சாப்பிட நான் பாத்துக்கொண்டு இருக்கேலுமே?"

ஏலாதுதான். இருக்கவும் வேண்டாம் என்றேன். பீட்சா என்பது அடிப்படையில் பாணும் தக்காளியும் கொஞ்சம் சீஸும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது எங்கே இருக்கிறதென்று பார்க்கத்தான் கேத்திலை இரண்டாவது தரம் அடுப்பில் வைத்தேன்.

முதலில் தராசை எடுத்து மேசையில் வைத்தேன். அண்ணை சிரித்தார், நகைக்கடை நினைவு வந்திருக்கும். ஆனால் இந்த ஊரில் குசினிக்குள் தராசு வைத்துக்கொள்வது வெட்கப்படுகிற விஷயமில்லை. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வளாகம் 1907இல் திறந்தபோதே அங்கே விவசாயம், ஆசிரியர் பயிற்சி, மனையியல் என மூன்று பள்ளிகள் இருந்தன. அந்த மனையியலின் வழிவந்த மனித ஊட்டச்சத்துப் பள்ளி இன்றும் அங்கேதான் நடக்கிறது, உணவியலாளர்களை உருவாக்குகிறது. கட்டக் காசு கொடுத்த வில்லியம் மக்டொனால்ட் புகையிலை வியாபாரி. புகையிலைக் காசின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கணக்கு எளிது. மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு 9. வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மனிதர்களைச் சின்ன அறையொன்றுக்குள் நாட்கணக்கில் இருத்தி, அவர்கள் உடம்பிலிருந்து வந்த சூட்டை அளந்தார். அந்த ஆராய்ச்சியின் வழி வந்த எண்கள்தான் இன்றும் சாப்பாட்டுப் பெட்டிகளில் அச்சாகின்றன. இந்த மூன்று எண்ணும் போதும்.

இப்போது அண்ணையின் மருமகள் செய்கிற பீட்சாவை எழுதிப் பார்த்தோம். 30 சென்டிமீற்றர் வட்டம். கோதுமை மா 250 கிராம்: 900 கலோரி. மாவுக்குள் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், தட்டில் ஒட்டாமலிருக்க இன்னொன்று: 360. சீஸ் 250 கிராம், ஏறக்குறைய ஒரு பைக்கற்: 800. பெப்பரோனி 60 கிராம்: 300. தக்காளிச் சாறு வெறும் 40. கூட்டினால் 2,400. எட்டாக வெட்டினால் துண்டுக்கு 300. யார் ஒன்றோடு எழும்புவார்கள்?

"வெள்ளிக்கிழமை நாங்கள் மரக்கறி. பெப்பரோனி இல்லை" என்றார் அண்ணை அவசரமாக. சரி, முருகன் புண்ணியத்தில் 300 கழிந்தது. ஆனால் எண்ணெயைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, ஒரு வாழைப்பழத்தைவிடக் கூட. வாழைப்பழம் சாப்பிட்டது வயிற்றுக்குத் தெரியும். மாவுக்குள் போன எண்ணெய் நாக்குக்குக்கூடத் தெரியாது.

அப்படியானால் எண்ணெய் ஏன் போடுகிறார்கள்? இதைத்தான் நான் நிறுத்திச் சொல்ல நினைத்தேன். நேப்பிள்ஸ் நகரத்தின் பழைய முறை பீட்சாவைக் காக்கவென்று 1984இல் தொடங்கிய சங்கத்தின் விதிப்படி மாவுக்குள் போவது நாலே பொருள்: மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். எண்ணெய் கிடையாது. விறகு அடுப்பின் சூடு 430 பாகை செல்சியஸுக்கு மேல். பீட்சா ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். வெளிப்பக்கம் பொரிந்து, உள்ளே ஈரம் வற்றுவதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது. எங்கள் வீட்டு அவணில் 200 பாகையில், குளிர்ந்த தகரத் தட்டில் வைத்தால் 20 நிமிடம் எடுக்கும். அதற்குள் ஈரமெல்லாம் போய் ரஸ்க்காகிவிடும். ஆகாமலிருக்கத்தான் எண்ணெய். சூடு செய்ய வேண்டிய வேலையை எண்ணெயைக்கொண்டு செய்விக்கிறோம்.

தோசை சுடுகிறவர்களுக்கு இது புதுக்கதையில்லை. கல் காயாமல் மாவை ஊற்றினால் ஒட்டும். ஒட்டினால் எண்ணெயை வார்ப்போம். வார்க்க வார்க்கத் தோசை எண்ணெயைக் குடிக்கும். கல் நன்றாகக் காய்ந்திருந்தால் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும்.

ஆகவே எண்ணெய்ப் போத்திலை அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் தோசைக்கல்லை எடுங்கள். முழு இரும்பாக இருக்க வேண்டும். மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி ஆகாது. ஒட்டாத பூச்சுப் பூசியதும் ஆகவே ஆகாது, அந்தப் பூச்சு 260 பாகைக்கு மேல் சிதையத் தொடங்கும். அம்மா ஊரிலிருந்து சூட்கேசில் சுமந்து வந்த கல் எங்களிடம் இருக்கிறது. அதை அவணின் மேல்தட்டில் வைத்து, குமிழை 500 ஃபாரன்ஹீட்டுக்குத் திருப்பி விடுவேன். அது 260 பாகை செல்சியஸ். பல வீட்டு அவண்கள் அதற்கு மேல் போகா. முக்கால் மணி நேரம் காயட்டும். மின்சாரம் வீண் என்று நினைக்கிறவர்கள் ஜனவரியில் செய்து பாருங்கள், குசினியும் சூடாகும். (குசினி போர்த்துக்கேயரிடமிருந்து எங்களுக்கு வந்த சொல், பாணும் அப்படியே. இங்கே பிரெஞ்சுக்காரர் வாயில் அவற்றின் உறவுச் சொற்களைக் கேட்டபோது, தெரியாத ஊரில் ஒன்றுவிட்ட சகோதரத்தைக் கண்ட மாதிரி இருந்தது.)

கல்லைப் போல மாவுக்கும் நேரம் வேண்டும், முதல்நாள் இரவே குழைக்க வேண்டும். 140 கிராம் கோதுமை மா, 90 கிராம் தண்ணீர், 3 கிராம் உப்பு, கால் தேக்கரண்டி ஈஸ்ட். குழைத்து மூடிப் பிரிட்ஜில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும். மாவிலுள்ள நொதிகள் மாச்சத்தைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக உடைக்கும்; புளிப்பும் மணமும் ஏறும். சூட்டில் அந்தச் சர்க்கரைதான் சிவக்கும், தனியே சீனி போட வேண்டியதில்லை. அடிக்கே ருசி இருந்தால் மேலே குவிக்கிற ஆசை பாதி குறைந்துவிடும். இதற்கு என்னிடம் ஆதாரம் எங்கள் வீட்டுத் தட்டுகள் மட்டும்தான்.

செய்கிற அன்று வெளியே எடுத்து ஒரு மணி நேரம் வைத்தபின் பூரிக்கட்டையால் தேயுங்கள். கட்டையைத் தொட்டால் நேப்பிள்ஸ்காரர் கோபிப்பார்கள். ரோம் நகரத்தில் கட்டையால்தான் தேய்க்கிறார்கள். மெல்லிசாக வரவேண்டும், அவ்வளவுதான். 140 கிராம் மாவும் அதே 30 சென்டிமீற்றர் வட்டத்தைத் தரும். ஒரு மரப்பலகையில் ரவை தூவி, அதன் மேல் வட்டத்தை வைத்துச் சாறு பூசி, ஒரே தள்ளில் கல்லுக்குப் போய்ச் சேரவேண்டும். முதல் தரம் பாதி கல்லிலும் பாதி அவண் கதவிலும் விழும். எனக்கு விழுந்தது.

சீஸில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுவது. கெபெக்கில் சீஸ் பைக்கற்றில் 'எம்.ஜி.' என்று ஒரு விழுக்காடு போட்டிருக்கும். கொழுப்பின் அளவு அது. வழக்கமான மொசரெல்லா 28 அளவில், பாதி ஆடை நீக்கியது 15 முதல் 20 வரை. இன்னும் கீழே, கொழுப்பே இல்லாத சீஸும் விற்பார்கள். அதை வாங்கி வந்து, அது உருகாமல் ரப்பர் துண்டுகளாகக் கருகுவதைப் பார்த்து, இனி டயட் பீட்சாவே வேண்டாமென்று சத்தியம் பண்ணியவர்கள் பலர். காரணம் இருக்கிறது. சீஸ் சூடாகும்போது அதிலிருந்து கொஞ்சம் கொழுப்பு கசிந்து மேலே படலமாகப் பரவும். அந்தப் படலம் ஈரம் ஆவியாகாமல் காக்கும். கொழுப்பில்லாவிட்டால் படலமில்லை, மேல்பக்கம் காய்ந்து தோலாகிவிடும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 2014இல் பலவகைச் சீஸ்களைப் பீட்சாவில் சுட்டு, கொப்புளங்களையும் நிறத்தையும் படமெடுத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே கொழுப்பைத் துரத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். 17 விழுக்காட்டு மொசரெல்லா 80 கிராம், முழுக்கட்டியாக வாங்கி நீங்களே துருவியது. துருவியே விற்பதில் ஒட்டாமலிருக்க ஏதாவது மாப்பொடி தூவியிருக்கும், அது உருகுவதைக் கெடுக்கும். அதோடு 10 கிராம் நன்றாக முற்றிய பார்மெசான். உப்பும் மணமும் அதில்தான். மொசரெல்லா இழுபடுவதற்கு மட்டும். மெல்லிய வட்டத்துக்கு இது போதும். அங்கங்கே சிவப்புத் தெரிந்தால் தெரியட்டும்.

மேலே போடுகிற மரக்கறிக்குத் தயக்கமே வேண்டாம். மொன்றியலின் 'ஓல்-டிரெஸ்ட்' பீட்சா என்பது பெப்பரோனி, காளான், பச்சைக் குடைமிளகாய். முதலாவதைத் தூக்கிவிட்டால் மீதி இரண்டும் 100 கிராமுக்கு 20 சொச்சம் கலோரிதான். ஒரே எச்சரிக்கை: காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பச்சையாகப் போட்டால் பீட்சா குளமாகிவிடும். எண்ணெயில்லாமல் சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு வற்றி, ஓரம் சிவக்கும்வரை வதக்கிவிட்டுப் போடுங்கள். அன்னாசி பிடித்தவர்கள் அன்னாசியும் போடலாம். 1962இல் ஒன்ராறியோவின் சாட்டம் என்ற ஊரில் அதைப் பீட்சாவில் ஏற்றிய சாம் பனோபுலோஸ் கிரேக்கத்திலிருந்து வந்த குடியேறி. ஹவாய் என்ற பெயர் தகரப்பேணியில் இருந்தது.

பிறகு கூட்டிப் பார்த்தோம். மா 505, சாறு 30, சீஸ் இரண்டும் 250, மரக்கறி 70, இறக்கியபின் மேலே சொட்டுவிட ஒரு தேக்கரண்டி ஒலிவ் எண்ணெய் 40. மொத்தம் 900க்குள். அண்ணை மூன்று துண்டு சாப்பிட்டாலும் பழைய ஒரு துண்டைவிடக் கொஞ்சம்தான் கூட.

"அப்ப ஆட்டா மாவிலை செய்தால் இன்னும் குறையும், என்ன?"

இதை எல்லோரும் கேட்பார்கள். குறையாது. வெள்ளை மா 100 கிராமுக்கு 360 என்றால் ஆட்டா 340. நார்ச்சத்து கூட, அதற்காகப் பாதி சேர்க்கலாம். கல்லில் அரைத்த மா என்பதால் தண்ணீரும் இன்னும் கொஞ்சம் கேட்கும். ஆனால் அது மெலிய வைக்கும் மா இல்லை. கோலிஃபிளவர் அடி என்று கடையில் குளிரூட்டி விற்பதையும் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். அது உடையாமலிருக்க மாப்பொருளும் சீஸும் நிறையப் போயிருக்கும். கடைப் பீட்சாப் பெட்டி எதிலும் கலோரி எண்ணுக்கு மேலே, அது கால் பீட்சாவுக்கா முழுதுக்கா என்று சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் பாருங்கள். 2026 ஜனவரி 1 முதல் நிறைவுற்ற கொழுப்போ சீனியோ உப்போ கூடினவற்றின் முகப்பில் பூதக்கண்ணாடிப் படம் போட வேண்டுமென்று கனடாவில் சட்டம். உப்பு விஷயத்தில் வீட்டுப் பீட்சாவும் முழுச் சுத்தமில்லை, சீஸ் உப்புத்தான். பிரஷர் இருந்தால் பார்மெசானில் கை வையுங்கள்.

பேசிக்கொண்டிருக்கையிலேயே நேற்றுக் குழைத்த மா மேசையில் இளகிவிட்டது. தேய்த்தேன், பூசினேன், தள்ளினேன். ஏழு நிமிடம், கடைசி ஒரு நிமிடம் மேற்சூடு மட்டும். வெளியே எடுத்ததும் அண்ணை துண்டை வாயில் வைக்கவில்லை. தோசையைப் பார்க்கிற மாதிரி ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கங்கே கறுப்புப் புள்ளிகளோடு சிவந்திருந்தது.

கடித்தார். மெதுவாக மென்றார். இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு, திறந்திருந்த அவணுக்குள் குனிந்து கல்லைப் பார்த்தார்.

"இதை உள்ளுக்கு வச்சதுக்கு அம்மா ஏசேல்லையோ?"

"அவவுக்கு இன்னும் தெரியாது" என்றேன்.