மிளகு தேடிச் சென்றோர் கண்ட கொக்கோ

கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் பஜார் ரோடு வழியே நடந்து செல்வோர்க்கு, கடைகளின் பெயர்ப் பலகையைப் படிக்குமுன்பே அங்கு விற்கும் சரக்கு இன்னதென்று மூக்கு அறிவித்துவிடும். மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு ஆகியவற்றின் மணம் அப்பழைய பண்டகசாலைகளின் சுவர்களிலேயே ஊறிக் கிடக்கிறது. தமிழகத்திலிருந்து சென்று தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் குடும்பங்கள் பல உண்டு. அக்குடும்பத்துப் பிள்ளைகளும், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளும் விரும்பித் தின்னும் சாக்லேட்டுக்கும் இம்மிளகுக் கடைத் தெருவுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்றால் வியப்பாக இருக்கும் அன்றோ? அதனையே ஈண்டுக் கூற முற்படுகிறோம்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் மிளகு மிக உயர்ந்த விலைக்கு விற்ற பண்டம். அது விளைந்ததோ நமது மேற்குக் கரையில். அங்கு வருவதற்குக் கடல்வழி காண ஐரோப்பியர் இரு திசைகளில் முயன்றனர். போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தனர். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தார். 1500ஆம் ஆண்டின் இறுதியில் கப்ரால் கொச்சிக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்றார். ஸ்பெயின் அரசின் பொருட்டுப் புறப்பட்ட கொலம்பஸ் மேற்கே சென்றார். இந்தியாவைத் தேடிய அவர் அமெரிக்காவைக் கண்டார்.

அவரது நான்காம் பயணத்தில், 1502இல், இன்றைய ஹோண்டுராஸ் நாட்டை அடுத்த தீவொன்றின் அருகே பெரிய படகொன்று எதிர்ப்பட்டது. அதில் வாதுமைப் பருப்பைப் போன்ற விதைகள் இருந்தன. சில விதைகள் சிந்தியபோது, படகிலிருந்தோர் பதறிக் குனிந்து பொறுக்கினராம். அவையே கொக்கோ விதைகள். அந்நாட்டில் அவை நாணயமாகவும் வழங்கின. ஆயினும் கொலம்பஸ் அவற்றின் அருமையை உணரவில்லை.

மாயரும் ஆஸ்டெக்கரும் அவ்விதையை வறுத்து அரைத்து, நீரில் கலக்கி, மிளகாயும் சேர்த்து நுரை பொங்கப் பருகினர். அப்பானம் கசப்பானது. ஸ்பானியர் அதில் சர்க்கரையையும் இலவங்கப்பட்டையையும் சேர்த்தனர். ஐரோப்பியர் நாவுக்கு அது இனித்தது. ஆனால் அச்சர்க்கரைக்கும் கொக்கோவுக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகள் தோட்டங்களில் உழைத்து மடிந்தனர் என்பதை மறைத்தல் ஆகாது.

நெடுங்காலம் சாக்லேட் ஒரு பானமாகவே இருந்தது. 1828இல் ஹாலந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தினர் கொக்கோவை அழுத்தி அதன் கொழுப்பைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிரை நிறுவனத்தார் கொக்கோத் தூள், சர்க்கரை, கொக்கோக் கொழுப்பு மூன்றையும் கலந்து, கடித்துத் தின்னும் கட்டியாக வார்த்தனர். 1875இல் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் பாலையும் சேர்த்தார்.

இனி, சாக்லேட் செய்யும் முறையைக் குழந்தைகளுக்கு விளக்குவோம். கொக்கோக் காய் பலாவைப் போல் அடிமரத்திலும் கிளைகளிலும் ஒட்டிக் காய்க்கும். முற்றிய காயை உடைத்தால், வெண்மையான இனிப்புச் சதை சூழ்ந்த 30 முதல் 45 விதைகள் இருக்கும். பச்சை விதையை வாயிலிட்டால் கசப்பும் துவர்ப்பும் அன்றிச் சாக்லேட்டின் சுவை சிறிதும் தோன்றாது. விதைகளைச் சதையோடு குவித்தோ, மரப்பெட்டியில் இட்டோ மூடி வைப்பர். வீட்டில் இட்லி மாவு புளிப்பதைப் போலவே இங்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. குவியலின் வெப்பம் 45 முதல் 50 டிகிரி வரை ஏறும். இடையிடையே கிளறிவிட்டு ஐந்தாறு நாள் காத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டால் மணம் பிறக்காது.

பின்னர் விதைகளை வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோலைப் புடைத்து நீக்கி, பருப்பை அரைப்பர். பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாதலால், அரைக்க அரைக்க அது குழம்பாகிவிடும். சர்க்கரையும் பாலும் சேர்த்து நெடுநேரம் பிசைந்து, பாகுக்குப் பதம் பார்ப்பது போலச் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் பதப்படுத்தி அச்சில் வார்ப்பர். கொக்கோக் கொழுப்பு சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடலின் வெப்பமோ 37 டிகிரி. கையில் கட்டியாக இருந்த சாக்லேட் வாயில் கரைவதன் இரகசியம் இதுவே.

நம் நாட்டுக்கு வந்த கொக்கோ முதலில் வேரூன்றியது தமிழ் மண்ணில்தான். 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்போயினாத் தீவிலிருந்து கன்றுகளைக் கொணர்ந்து குற்றாலத்தில் நட்டனர். எனினும் அது வாணிபப் பயிராகப் பரவவில்லை. 1965இல் வயநாட்டுச் சுண்டேலில் மாதிரித் தோட்டம் அமைந்த பின்னரே, கேரளத்தின் தென்னை, கமுகு நிழலில் ஊடுபயிராகப் பரவிற்று. 1980ஐ ஒட்டி விலை வீழ்ந்தது. விளைந்ததை வாங்குவாரில்லை. மனம் நொந்த விவசாயிகள் பலர் தாம் வளர்த்த மரங்களைத் தாமே வெட்டிச் சாய்த்தனர். அந்நாளில் 1973இல் மங்களூரில் தோன்றிய காம்ப்கோ கூட்டுறவுச் சங்கம் கொக்கோவைக் கொள்முதல் செய்ய முன்வந்து, 1986இல் புத்தூரில் சொந்தமாகவே சாக்லேட் ஆலையை நிறுவியது. உழுதவரே ஆலையும் நடத்தலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. இன்று தென்னாட்டின் பல பகுதிகளில், பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலுங்கூட, கொக்கோ விளைகிறது.

தொலைவிலிருந்து வந்து, பிற மரத்தின் நிழலில் வளர்ந்து, அம்மண்ணுக்கே பயன் தருவது கொக்கோ. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அது அயலான மரம் அன்று. அடுத்த முறை பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்கித் தரும்போது இவ்வரலாற்றையும் சொல்லிக் கொடுப்போமாக. கசந்த விதையை இனிக்கச் செய்தவை பல கைகள். அக்கைகளுக்கு உரிய விலை சென்று சேர்ந்தால்தான் அவ்வினிமை முழுமை பெறும்.