இளைஞர் மனநலமும் மொழிபெயர்த்த வினாத்தாளும்

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. அது எந்நாட்டவரின் உடற்சூட்டையும் ஒரே வகையில் காட்டும். மனநோயின் தொடக்கத்தை அறிவதற்கோ அத்தகைய கருவி இல்லை. சொற்களே அதற்குக் கருவி. சொற்களின் பொருள் மொழிக்கு மொழி மட்டுமன்றித் தெருவுக்குத் தெருவும் மாறுவதுண்டு. ஆகவே, இளைஞரிடையே வினாத்தாளைக் கொண்டு செல்லும் களப்பணியாளரும் ஆசிரியரும் அதன் பயனோடு அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சைக்கோசிஸ் எனப்படும் கடும் மனநோயில், உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியும் ஆற்றல் குலைகிறது. பேசுவோர் இன்றியே குரல் கேட்பதும், பிறர் தமக்கு எதிராகச் சூழ்ச்சி செய்கின்றனர் என்ற அசையாத நம்பிக்கையும் இதன் முக்கிய அறிகுறிகளாகும். பெரும்பாலும் பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டுகளுக்கும் 35 வயதிற்கும் இடையே இந்நோய் தோன்றுகிறது. பலரிடம், நோய் வெளிப்படுவதற்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ முன்னரே தூக்கக் குறைவு, நண்பரை விட்டு ஒதுங்குதல், படிப்பில் நாட்டமின்மை, காரணமற்ற சந்தேகம் ஆகியவை காணப்படுகின்றன. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, குணமடைவதும் கடினமாகிறது. முன்கூட்டியே கண்டறிய விஞ்ஞானிகள் முயல்வது இதனாலேயே.

வினாத்தாளின் அமைப்பு

இம்முயற்சியில் பல நாடுகளில் பயன்படுவது, நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட 16 வினாக்கள் கொண்ட படிவமாகும். அமெரிக்காவில் உருவான 92 வினாக்கள் கொண்ட பழைய படிவத்தின் சுருக்கமே இது. ஒவ்வொரு கூற்றையும் உண்மை அல்லது உண்மையன்று எனக் குறித்து, அதனால் நேரும் துன்பத்தின் அளவையும் குறிக்க வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட கூற்றுகளை உண்மை எனக் குறித்தவர், விரிவான பரிசோதனைக்கு உரியவர் எனக் கொள்ளப்படுகிறார். அவர் நோயாளி என்பது இதன் பொருளன்று.

மொழிபெயர்ப்பில் நேரும் இடர்

மனநோய் வினாக்களைப் பிற மொழிகளில் கேட்கும் பணி புதியதன்று. உலக சுகாதார நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் நடத்திய ஆராய்ச்சியில் ஆக்ராவும் ஒரு மையமாக இருந்தது. நோயாளரைப் பேட்டி காண்பதற்கான ஆங்கில வினாக்கள் அந்தந்த நாட்டு மொழிகளில் ஆக்கப்பட்டன. மொழிபெயர்த்ததை மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்துடன் ஒப்பிடும் முறை இத்தகைய ஆராய்ச்சிகளில் கையாளப்படுகிறது. எனினும் அம்முறை சொல்லின் பிழையைக் காட்டுமேயன்றி, சூழ்நிலையால் விளையும் பிழையைக் காட்டுவதில்லை.

மும்பை நகரின் தமிழரிடையே இதனை நன்கு காணலாம். தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறியோரின் வழிவந்தவர் பலர். மாதுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணிக்கு வந்தோரின் குடும்பங்கள் பல. வீட்டில் தமிழ் பேசும் இளைஞர் பலர், பள்ளியில் ஆங்கிலமோ இந்தியோ மராத்தியோ வழியாகப் படித்தவர்கள். இலக்கணத் தமிழில் அச்சிட்ட படிவத்தை அவர்களிடம் கொடுத்தால், அவர்கள் குறிக்கும் விடை மனநிலையைக் காட்டுகிறதா, எழுத்தறிவைக் காட்டுகிறதா என்பது ஐயமே.

“உங்களுக்குச் சத்தம் கேட்கிறதா?” என்று வினவுவதாகக் கொள்வோம். ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் வாழும் தாராவியில் இதற்கு ஆம் என்பதே இயல்பான விடை. மேலும், சத்தம் போடுதல் என்பது தமிழில் கண்டிப்பதையும் குறிக்கும். “அருகில் பேசுவோர் எவரும் இல்லாதபோது, மற்றவருக்குக் கேட்காத குரல் உங்களுக்கு மட்டும் கேட்டதுண்டா?” என்று வினவினாலன்றி உண்மை புலப்படாது. “பிறர் உங்களைக் கவனிக்கின்றனரா?” என்ற வினாவும் அத்தகையதே. நெருக்கமான சந்தில் நடந்து செல்லும் இளம்பெண்ணைப் பலர் கவனிப்பது பிரமையன்று. சாமி வருதலும், இறந்த தாயின் குரலைத் துக்கக் காலத்தில் கேட்டதாக உணர்தலும் நோயென்று கொள்ளத்தக்கன அல்ல.

எண்கள் உணர்த்துவது

நெதர்லாந்தில் மனநல சிகிச்சை நாடி வந்தோரிடையே, மேற்கூறிய படிவம் ஆபத்து உள்ளவரில் நூற்றுக்கு 87 பேரையும், ஆபத்து இல்லாதவரில் நூற்றுக்கு 87 பேரையும் சரியாக இனங்கண்டது. இதே திறன் பொது மக்களிடமும் இருப்பதாகக் கொண்டு, 1,000 மாணவருள் 10 பேருக்கே ஆபத்து உள்ளது என வைத்துக்கொண்டால், அந்தப் பத்துப் பேரில் 9 பேர் கண்டறியப்படுவர். ஆனால் எஞ்சிய 990 பேரில் ஏறத்தாழ 129 பேரும் தவறாகக் குறிக்கப்படுவர். அதாவது குறிக்கப்பட்ட 138 பேரில், பதினைந்து பேருக்கு ஒருவரே உண்மையில் ஆபத்துடையவர். வகுப்பறையில் அனைவருக்கும் படிவம் வழங்கி மதிப்பெண் எண்ணுவது எத்துணைத் தீங்கானது என்பது இதனால் விளங்கும். மனநோய் என்ற ஒரு சொல் பரவினால், நலமுள்ள ஒரு பெண்ணின் படிப்பும் திருமணமும் தடைப்படக்கூடும்.

செய்யத்தக்கவை

எனவே படிவத்தை எல்லாரிடமும் கொடுக்காமல், நடத்தையில் மாறுதல் தோன்றியவரிடமும் தாமே உதவி நாடி வருபவரிடமும், பயிற்சி பெற்றோர் அதனைப் பயன்படுத்துவதே முறை. நன்றாகப் படித்த மாணவன் திடீரெனப் பின்தங்குவதையும், கலகலப்பாக இருந்தவன் பேச்சை நிறுத்துவதையும் முதலில் காண்பவர் ஆசிரியரே. வினாக்களைத் தனியிடத்தில், அவ்விளைஞர் வீட்டில் பேசும் மொழியில் வாய்மொழியாகக் கேட்க வேண்டும். ஆம் என்ற ஒவ்வொரு விடைக்கும் “எப்போது, எப்படி நிகழ்ந்தது?” என்று கேட்டு, அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியம் காக்கப்படும் உரிமையை நோயாளருக்கு அளிக்கிறது. அதனை மனத்திற்கொண்டு, விடைத்தாள் பிறர் கையில் சேராதவாறு காத்தல் அவசியம்.

நோயை நிர்ணயிப்பது மனநல மருத்துவரின் பணி. தாராவிக்கு அண்மையில் சயானில் உள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்; அதன் மொழிகளுள் தமிழும் மராத்தியும் அடங்கும். தற்கொலை பற்றிய பேச்சோ, தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் அறிகுறியோ தென்பட்டால், படிவத்திற்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மற்ற வேளைகளிலும், இளைஞரை அனுப்பியதோடு நில்லாமல், அவர் மருத்துவரைக் கண்டாரா என்பதை அடுத்த வாரம் விசாரித்தறிவது நலம்.