பழைய பிக்-அப்பைத் தாழ்த்துவதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள்!

குளுவாங், சிகாமட், லாபிஸ், யோங் பெங் எனத் தோட்டங்கள் சூழ்ந்த ஜொகூர் வட்டாரங்களில் பழைய பிக்-அப் வண்டிகளுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. ஒரு காலத்தில் உர மூட்டையும் காய்கறியும் திருவிழாப் பந்தல் சாமான்களும் ஏற்றிய டட்சன், டொயோட்டா, மஸ்டா வண்டிகளை இளைஞர்கள் தேடிப் பிடித்துச் சாயம் பூசிப் புதுப்பிக்கிறார்கள். அடுத்து வரும் ஆசை, வண்டியைக் கொஞ்சம் 'தாழ்த்துவது'.

பெரும்பாலோர் நேராகப் பட்டறைக்குப் போய், "ரெண்டு இஞ்ச் இறக்குங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். எதிலிருந்து இரண்டு இஞ்ச் என்று கேட்டால் பதில் இருக்காது. ஸ்பேனர் பட்ட பிறகு வண்டியின் பழைய உயரத்தை அளக்க முடியாது. பின்னால் ஒரு கோளாறு வந்து பழைய நிலைக்கே திருப்ப நினைத்தாலும், அந்த நிலை எது என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போய்விடும். ஒரு மணி நேர வேலையில் அதைத் தவிர்க்கலாம்.

இன்றைய உயரம் வேறு, அசல் உயரம் வேறு

டட்சன் 1200 பிக்-அப் 1971-லும் டட்சன் 620 பிக்-அப் 1972-லும் அறிமுகமானவை. டான் சோங் நிறுவனம் 1957-லேயே டட்சன் வண்டிகளை இந்நாட்டில் விற்கத் தொடங்கியதால், இவற்றை இங்கு அறியாதவர் குறைவு. அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது, சிலவற்றுக்கு அதையும் தாண்டிவிட்டது. இத்தனை ஆண்டு சுமை தூக்கிய ஸ்பிரிங் அசல் நிலையில் இருக்காது.

தொய்வு இருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் வெறும் வண்டியிலேயே தட்டையாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், வலது முன்பக்கம் இடதைவிடத் தாழ்ந்திருப்பதும் உண்டு. ஏற்கெனவே ஓர் இஞ்ச் தொய்ந்த வண்டியை மேலும் இரண்டு இஞ்ச் இறக்கினால், உண்மையில் அது மூன்று இஞ்ச் இறங்கிய வண்டி. ஆகவே தொய்ந்த ஸ்பிரிங்கை முதலில் சரிசெய்ய வேண்டும். கணக்கு அதன் பிறகுதான்.

அளப்பதற்கு முன்

சரிவான வாசலிலோ செம்மண் தரையிலோ அளந்தால் அந்த அளவுக்கு மதிப்பில்லை. சமமான சிமெண்டுத் தரை வேண்டும். நான்கு டயர்களிலும் குறிப்பிட்ட அளவு காற்று இருக்க வேண்டும். பின்தட்டு காலியாக இருக்க வேண்டும். எரிபொருள் டாங்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜாக்கியில் தூக்கி இறக்கிய வண்டியை உடனே அளக்கக் கூடாது. சக்கரங்கள் உள்நோக்கி இழுத்துக்கொண்டு நிற்பதால் வண்டி உயரமாகக் காட்டும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையையும் கையால் அழுத்தி ஆட்டிவிட்டு, அது தானாக அடங்கிய பிறகே அளக்க வேண்டும். இதையே மூன்று முறை செய்து, மூன்று அளவுகளின் சராசரியை எழுதிக்கொள்வது நல்லது.

எங்கிருந்து எங்கே?

பலரும் தரையிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்துவிட்டுப் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த அளவு தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. டயர் மாறினால் அதுவும் மாறிவிடும்.

உதாரணத்திற்கு, 185/70 ஆர்14 டயரின் பக்கச்சுவர் உயரம் 129.5 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 185/60 டயர் போட்டால் பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர்தான். ஸ்பிரிங்கைத் தொடாமலேயே வண்டி 18.5 மில்லிமீட்டர், அதாவது முக்கால் இஞ்சுக்குச் சற்றுக் குறைவாக, இறங்கிவிடும். தரையிலிருந்து அளந்தவர் ஸ்பிரிங்தான் இறங்கியது என்று நினைத்துக்கொள்வார்.

சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளந்தால் இந்தக் குழப்பம் இல்லை. டயர் எதுவானாலும் அந்த அளவு மாறாது. விளிம்பில் எந்த இடத்தில் நாடா பட்டது என்பதை ஒட்டுத்தாளால் அடையாளமிட்டுப் படம் எடுத்து வைக்க வேண்டும். அடுத்த முறையும் அதே புள்ளியில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஆனால் பழைய வண்டியின் மட்கார்ட் மோதி நிமிர்த்தியதாகவோ துருப்பிடித்து ஒட்டுப் போட்டதாகவோ இருக்கலாம். அதனால் சேசிஸின் முன்முனை, பின்முனை ஆகியவற்றின் உயரத்தையும் இரு பக்கமும் தரையிலிருந்து அளந்துகொள்ள வேண்டும். வெறும் பிக்-அப் வண்டிகள் பின்பக்கம் சற்று உயர்ந்து நிற்பது இயல்பு. சுமை ஏறும்போது சமமாகட்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

முன்பக்கம்: வண்டிக்கு வண்டி வேறு

டட்சன் 620-இன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுக்கப்பட்ட நீண்ட இரும்புத் தண்டு, அதாவது டார்ஷன் பார், அந்த வேலையைச் செய்கிறது. அதன் முனையில் உள்ள போல்ட்டைத் தளர்த்தினால் வண்டி இறங்கும். ஆகவே போல்ட்டின் மரை எத்தனை மில்லிமீட்டர் வெளியே தெரிகிறது என்பதை இரு பக்கமும் அளந்து எழுத வேண்டும். இரு பக்கமும் சமமாக இராது, அது இயல்புதான். டட்சன் 1200 பிக்-அப்பில் முன்பக்கம் ஸ்ட்ரட்டும் சுருள் ஸ்பிரிங்கும் இருப்பதால், இந்தப் போல்ட் கணக்கு அதற்குப் பொருந்தாது.

முன்பக்கக் கைகளுக்கும் ரப்பர் ஸ்டாப்பருக்கும் உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து மேலே எழும்பும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அந்த ஸ்டாப்பர். அது கையின் நடுப்பகுதியில் இருந்தால், அங்கே 40 மில்லிமீட்டர் இடைவெளி என்பது சக்கரத்தில் ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் அசைவு. வண்டியை 50 மில்லிமீட்டர் இறக்கினால் மிஞ்சுவது 30. ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டங்' என்று சத்தம் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பின்பக்கம்: சுமையோடும் அளக்க வேண்டும்

பின்பக்கத்தைத் தாழ்த்த அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்கிற்கும் நடுவே கட்டை எனப்படும் உலோகத் துண்டை வைப்பது வழக்கம். அச்சு, பட்டையின் மேல் அமர்ந்திருந்தால் மட்டுமே இது வண்டியை இறக்கும். பட்டை மேலேயும் அச்சு கீழேயும் இருந்தால், அதே கட்டை வண்டியை உயர்த்திவிடும். குனிந்து பார்த்து உறுதி செய்த பிறகே பொருளை வாங்க வேண்டும்.

அடுத்து, அச்சுக்கும் சேசிஸில் உள்ள ஸ்டாப்பருக்கும் உள்ள இடைவெளியை வெறும் வண்டியில் ஒரு முறையும், சுமை ஏற்றி ஒரு முறையும் அளக்க வேண்டும். 50 கிலோ உர மூட்டை நான்கை அச்சுக்கு நேர் மேலே அடுக்கினால் 200 கிலோ. காலியாக 120 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி இப்போது 80 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் கட்டை போட்டால் காலியாக 70, நான்கு மூட்டையோடு 30, ஆறு மூட்டையோடு ஏறக்குறைய 10. கட்டை ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவதில்லை. சுமைக்கு அது முன்புபோலவே அமுங்கும், அமுங்க இடம்தான் குறைந்திருக்கும். வார நாட்களில் சரக்கு ஏற்றும் வண்டிக்கும் ஞாயிறு மட்டும் வெளியே வரும் வண்டிக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

சில மாடல்களில் சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒரு கம்பி, பிரேக் வால்வோடு இணைந்திருக்கும். சுமை ஏறி வண்டி தாழும்போது பின் பிரேக்கிற்குக் கூடுதல் அழுத்தம் தருவது அதன் வேலை. வண்டியைத் தாழ்த்தினால், காலி வண்டியையும் சுமை வண்டி என்று அது கருதிவிடும். மழை நாளில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலலாம். அந்தக் கம்பியின் நிலையை அளந்து படம் எடுத்து வைத்தால்தான், பிறகு மெக்கானிக் அதைச் சரியாகத் திருத்த முடியும். சுவரில் முன்விளக்கின் ஒளி விழும் உயரத்தையும் குறித்து வைப்பது நல்லது.

எவ்வளவு வரை இறக்கலாம்?

வண்டியைத் தாழ்த்தும் மோகம் வளர்ந்த அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வண்டியின் எந்தப் பகுதியும் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே போகக் கூடாது என்ற சட்டம் 1958-இல் நடப்புக்கு வந்தது. அதன் பின்னுள்ள காரணம் இங்கும் பொருந்தும். டயர் வெடித்துக் காற்று முழுதும் போனால் வண்டி ரிம்மின் மேல் நிற்கும். அப்போது அடிப்பாகம் எதுவும் தார்ச்சாலையில் உராயக் கூடாது. ஒரு சக்கரத்தின் ரிம் அடியிலிருந்து மற்றொன்றின் ரிம் அடிக்கு, குறுக்காகவும் நேராகவும் நூல் பிடித்துப் பார்த்தால் எது தாழ்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். செம்பனைத் தோட்டப் பாதையின் நடுமேட்டில் ஓடும் வண்டிக்கு இதைவிடவும் அதிக இடைவெளி வேண்டும்.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்

வாகன மாற்றங்கள் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்திற்கும் 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகனக் கட்டமைப்பு விதிகளுக்கும் உட்பட்டவை. வேலையைத் தொடங்கும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே அலுவலகத்தில் அந்த மாடலைக் குறிப்பிட்டுக் கேட்பது பாதுகாப்பானது. வர்த்தக வண்டியாகப் பதிவான பிக்-அப் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். காப்புறுதி நிறுவனத்திற்கும் மாற்றத்தைத் தெரிவிப்பது அவசியம், இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இழப்பீடு சிக்கலாகலாம்.

பாதுகாப்பு குறித்து ஒரு சொல். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. டார்ஷன் பார் போல்ட்டும் சுருள் ஸ்பிரிங்கும் பெரும் விசையை அடக்கி வைத்திருப்பவை. அளப்பதை வீட்டிலேயே செய்யலாம், கழற்றுவதைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

அளவுகள் அனைத்தையும் தேதி, டயர் அளவு, காற்றழுத்தம் ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி, நகலை வண்டியின் பதிவுப் பத்திரத்தோடு வைத்திருப்பது நல்லது. பட்டறைக்காரரிடம் வெறுமனே "ரெண்டு இஞ்ச்" என்று சொல்லாமல், அந்தத் தாளையே நீட்டலாம். நாளை வண்டியை வாங்குபவருக்கும், பழைய உயரத்திற்கே திருப்ப விரும்பும் பிள்ளைக்கும் அதே தாள் கைகொடுக்கும்.