துணைத் தூதரின் பணியும் தகுதியும்

ஒரு நாட்டின் தலைநகரில் அமைவது தூதரகம். பிற பெருநகரங்களில் அமைவன துணைத் தூதரகங்கள். தூதர், தம் நாட்டின் சார்பில் அயல்நாட்டு அரசுடன் உரையாடுகிறார். துணைத் தூதரின் கவனமோ பெரிதும் தனிமனிதரைச் சார்ந்தது. கடவுச்சீட்டைத் தொலைத்த பயணி, அயல்மண்ணில் இறந்தவரின் உடலைக் கொண்டுசெல்ல அலையும் உறவினர், சிறைப்பட்ட தொழிலாளி ஆகியோர் நாடுவது அவரையே.

இவ்விருவரின் தகுதியும் ஒன்றன்று. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி தூதரை எக்குற்றத்திற்காகவும் கைது செய்ய இயலாது. துணைத் தூதர்களுக்கான 1963ஆம் ஆண்டு உடன்படிக்கையோ அலுவல்முறைச் செயல்களுக்கு மட்டுமே விலக்களிக்கிறது. கடுங்குற்றம் புரிந்தால் நீதிமன்ற ஆணையின்பேரில் அவரைக் கைது செய்யலாம். ஒரு நகரிலுள்ள துணைத் தூதர்கள் ஒரு குழுவாகக் கருதப்படுவர். ஒரே நிலையினருள், பணியேற்பு ஆணையை முதலில் பெற்றவரே முன்னவர்; வல்லரசின் பிரதிநிதியாயினும் பின்னர் வந்தவர் பின்னேதான் நிற்க வேண்டும்.

1963ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 36ஆம் பிரிவே அதன் உயிர்நாடி எனலாம். கைதான அயல்நாட்டவரிடம், தம் நாட்டுத் துணைத் தூதரை அணுகும் உரிமை அவருக்கு உண்டு என்பதைக் காலந்தாழ்த்தாது தெரிவித்தல் வேண்டும். மொழியும் சட்டமும் அறியாதவருக்கு அதுவே முதல் துணை.

1982ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வங்கிக் கொள்ளை முயற்சியில் நேர்ந்த கொலைக்காக ஜெர்மானியச் சகோதரர் இருவர் கைதாயினர். அவர்களிடம் இவ்வுரிமை தெரிவிக்கப்படவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின்னரே ஜெர்மனி செய்தியறிந்தது. அதற்குள் மரண தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது. விசாரணையின்போதே எழுப்பாத முறையீட்டை இனி ஏற்க இயலாது என அமெரிக்க நீதிமன்றங்கள் மறுத்தன. அறியாத உரிமையை எவ்வாறு உரிய காலத்தில் கோருவது என்னும் வினாவுக்கு அங்கு விடையில்லை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒருவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. மார்ச் 3 அன்று பன்னாட்டு நீதிமன்றம் தடுப்பாணை பிறப்பித்தும், அன்றே மற்றவருக்கும் நிறைவேற்றப்பட்டது. இவ்வுரிமை அரசுகளுக்கு மட்டுமன்றிக் கைதானவருக்கும் உரியது என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2001இல்தான்.

பாகிஸ்தானில் உளவுக் குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்ற இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி தொடர்பாக இந்தியா தொடுத்த வழக்கில், உளவாளி எனக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் 36ஆம் பிரிவு பொருந்தும் என்று அதே நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று தீர்ப்பளித்தது. தண்டனையை மறு ஆய்வு செய்யுமாறு பாகிஸ்தானுக்கு ஆணையிட்டதுடன், அதுவரை அதை நிறைவேற்றுவதையும் நிறுத்திவைத்தது.