பதில் சொல்லும் பாட்டு

அரேதா ஃபிராங்க்ளின் பாடிய 'அமேசிங் கிரேஸ்' பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. நம் ஊர் ஆலயங்களில் மூன்று நான்கு நிமிடத்தில் பாடி முடித்து உட்கார்ந்துவிடுகிறோமே, அதே பாட்டுதான். அரேதா அவசரப்படுவதில்லை. ஒரு சொல்லை எடுக்கிறார், அதன் ஓர் அசையில் நின்றபடி ஏறுகிறார், இறங்குகிறார், அடுத்த சொல் எப்போது வருமோ என்று கேட்பவரைத் தவிக்க விடுகிறார். அந்த இடைவெளிகளில் வேறு குரல்களும் கேட்கின்றன. ஒரு பெண் வாய்விட்டு அலறுகிறார். ஓர் ஆண் பாடகியை மேலே போகச் சொல்லித் தூண்டுகிறார். பின்னாலிருந்து கைதட்டல் எழுந்து அடங்குகிறது. ஒலிப்பதிவில் தப்பித் தவறி நுழைந்த இரைச்சல் இது இல்லை. இதைக் கழித்துவிட்டால் அந்தப் பாட்டில் பாதி போய்விடும்.

இந்தப் பாட்டை நான் தேடிப் போகவில்லை. ஸ்ட்ரீமிங் செயலியில் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டியல் தீர்ந்ததும் செயலியே அடுத்தடுத்துப் பாடல்களைப் போட ஆரம்பித்தது. அவற்றில் ஒன்றாக வந்தவர்தான் அரேதா. அதன்பிறகு அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலய இசை, அவர்கள் கோஸ்பல் என்று சொல்லும் இசை, என் நாட்களில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிறிஸ்தவப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எனக்கே அதுவரை இப்படி ஓர் உலகம் இருப்பது தெரியாது. தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதப்படாததால், தெரிந்தவரை சொல்ல ஆசை.

அந்தப் பதிவு நடந்தது 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளில். இடம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் இருந்த நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் சபை. ஒரு காலத்தில் சினிமா கொட்டகையாக இருந்த சாதாரணக் கட்டடம் அது. அரேதாவுக்கு அப்போது வயது 29. 'ரெஸ்பெக்ட்' போன்ற பாடல்களால் சோல் இசையின் ராணி என்று பெயர் வாங்கியிருந்தார். விரும்பினால் உலகின் எந்த ஸ்டுடியோவிலும் பாடியிருக்கலாம். அவர் கேட்டது ஒரு கோயிலை, அதில் உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு சபையை. போதகர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் பியானோவில் அமர்ந்தார். அவருடைய சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயர் பின்னால் நின்றது, அலெக்சாண்டர் ஹாமில்டன் கொயரை நடத்தினார். பெர்னார்ட் பர்டி டிரம்ஸ், சக் ரெய்னி பேஸ் கிட்டார். 'அமேசிங் கிரேஸ்' நடந்துகொண்டிருக்கும்போதே கிளீவ்லண்டால் தாங்க முடியவில்லை. பியானோவை விட்டு விலகி, கைக்குட்டையில் முகம் புதைத்து அழுதார். ஹாமில்டன் வந்து பியானோவை ஏற்றுக்கொண்டார். பாட்டு நிற்கவே இல்லை.

இதையெல்லாம் இயக்குநர் சிட்னி போலக் படமும் பிடித்தார். ஆனால் காட்சியையும் ஒலியையும் பொருத்துவதற்கு வேண்டிய கிளாப் பலகையை அடிக்காமலே எடுத்துவிட்டார்கள். உதடும் குரலும் ஒட்டவில்லை. படச்சுருள்கள் பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்தன. தயாரிப்பாளர் ஆலன் எலியட்டின் விடாமுயற்சியில், கணினித் தொழில்நுட்பத்தின் துணையோடு படம் ஒருவழியாக வெளிவந்தது 2018இல், அரேதா இறந்து சில மாதங்கள் கழித்து. ஆல்பம் மட்டும் 1972லேயே வந்து இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அவர் வாழ்க்கையில் மிக அதிகம் விற்ற ஆல்பம் இந்தக் கோயில் பதிவுதான்.

ஆல்பத்தின் முதல் பாட்டு 'மேரி டோண்ட் யூ வீப்'. அடிமைக் காலத்தில் பிறந்த பாட்டு. பெத்தானியாவில் சகோதரன் லாசருவை இழந்து அழும் மரியாளிடம், பார்வோனின் சேனை செங்கடலில் அமிழ்ந்துபோன செய்தியைச் சொல்லித் தேற்றுகிறது. லாசரு எங்கே, பார்வோன் எங்கே என்று வேதபாடம் படித்தவர்கள் கேட்கலாம். விடுதலை ஒன்றுதான், கல்லறையிலிருந்து வந்தாலும் எகிப்திலிருந்து வந்தாலும், என்று அந்த அடிமை மக்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். அரேதா லாசருவைப் பேர் சொல்லிக் கூப்பிடும் கட்டத்துக்கு வரும்போது பாட்டு பிரசங்கமாகவே மாறிவிடுகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் கொயர் பதில் கொடுக்கிறது, சபை பதில் கொடுக்கிறது. இதே பாட்டை 1959இல் ஸ்வான் சில்வர்டோன்ஸ் குழு பாடிய பதிவில், கிளாட் ஜீட்டர் இடையே தன் போக்கில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போகிறார். அந்த ஒற்றை வரி மனத்தில் தங்கி, பாடலாசிரியர் பால் சைமன் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' எழுதினார். பாட்டின் இடையே விழுந்த ஒரு பதில் சொல்லுக்கு எத்தனை ஆயுள் பாருங்கள்.

பதில் சொல்வது ஓர் இரவோடு முடிவதில்லை என்பது எனக்குப் பிடிபட்டது பாடகர் பெயரை விட்டுவிட்டுப் பாட்டின் பெயரைத் தேடத் தொடங்கிய பிறகுதான். 'டேக் மை ஹேண்ட், பிரஷியஸ் லார்ட்' என்று தேடிப் பாருங்கள். கையைப் பிடித்து நடத்தும்படி ஆண்டவரிடம் மன்றாடும் பாட்டு. எழுதியவர் தாமஸ் டார்சி. 1899இல் ஜார்ஜியா மாநிலத்தில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பிழைப்புக்கு ப்ளூஸ் பியானோ வாசித்தார். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் விரசமான பாடல்களைப் பதிவு செய்து புகழும் பெற்றார். பிறகு அதே ப்ளூஸின் நடையையும் நெளிவையும் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தபோது பல போதகர்கள் கதவைச் சாத்தினார்கள். மதுக்கடையின் இசைக்கு பலிபீடத்தின் முன் என்ன வேலை என்று கேட்டார்கள். டிரம்ஸும் சினிமா மெட்டும் ஆராதனைக்கு ஆகாது என்று நம் சபைகளில் நடக்கும் வழக்கை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. டார்சியின் பக்கமே நியாயம் என்பது என் கட்சி. துக்கத்தில் இருப்பவன் தனக்குத் தெரிந்த இசையில்தான் அழ முடியும்.

அவருக்கு அந்தத் துக்கம் 1932 ஆகஸ்டில் வந்தது. சிகாகோவில் நிறைமாத மனைவி நெட்டியை விட்டுவிட்டு செயின்ட் லூயிஸ் நகரக் கூட்டமொன்றில் பாடப் போயிருந்தார். தந்தி வந்தது. பிரசவத்தில் நெட்டி இறந்துவிட்டார். பிறந்த ஆண் குழந்தையும் பிழைக்கவில்லை. சில நாள் கழித்துப் பியானோ முன் உட்கார்ந்தவர், பழைய ஞானப்பாட்டு மெட்டு ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தபோது வந்ததுதான் இந்தப் பாட்டு.

அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர் மஹாலியா ஜாக்சன். நியூ ஆர்லியன்ஸில் 1911இல் பிறந்து சிகாகோவுக்கு வந்தவர். டார்சி பியானோ வாசிக்க இவர் பாட, இருவரும் சபை சபையாகச் சுற்றினார்கள். ப்ளூஸ் பாடினால் பணம் கொட்டும் என்று எத்தனையோ பேர் அழைத்தும் கடைசிவரை பாடவில்லை. 'பிரஷியஸ் லார்ட்' மார்ட்டின் லூதர் கிங்குக்கு உயிரான பாட்டு. 1968 ஏப்ரல் 4 மாலை, மெம்ஃபிஸ் நகர லொரெய்ன் மோட்டலின் மாடி முகப்பில் நின்றபடி, கீழே இருந்த சாக்ஸஃபோன் கலைஞர் பென் பிராஞ்சிடம், இரவுக் கூட்டத்தில் அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும், அழகாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் கிங். கொஞ்ச நேரத்தில் சுடப்பட்டார். அட்லாண்டாவில் நடந்த இறுதி நிகழ்வில் அதைப் பாடினார் மஹாலியா.

மஹாலியா 1971இல் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தா, டெல்லி, பம்பாய் என்று பாடியவர் மெட்ராஸிலும் பாடினார். டெல்லியில் இந்திரா காந்தியைச் சந்தித்தார். அன்று மெட்ராஸில் அவரைக் கேட்டவர்களில் இன்றும் நம்மிடையே இருப்பவர்கள் உண்டா என்று பல முறை யோசித்திருக்கிறேன். இருந்தால் அவர்கள் பாக்கியவான்கள். மறு ஆண்டு ஜனவரியில் அரேதா லாஸ் ஏஞ்சல்ஸில் 'பிரஷியஸ் லார்ட்' பாடிய இரவுக்கு இரண்டு வாரம் கழித்து, 1972 ஜனவரி 27இல், மஹாலியா சிகாகோ அருகே காலமானார். அவருடைய அடக்க ஆராதனையில் அதே பாட்டைப் பாடியவர் அரேதா.

டார்சி அழுததை மஹாலியா பாடினார், கிங்குக்காக மஹாலியா பாடியதை மஹாலியாவுக்காக அரேதா பாடினார். முன்பெல்லாம் இந்த வரிசையைக் கேட்க வேண்டுமானால் இசைத்தட்டு சேகரிப்பாளராக இருந்திருக்க வேண்டும். இன்று மாதச் சந்தா கட்டுகிற யாரும் ஒரே இரவில் கேட்டுவிடலாம். ஸ்ட்ரீமிங் இசையை மலிவாக்கிவிட்டது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் சாட்சி இதுதான். ஆனால் செயலி பாட்டைக் கொடுக்கும், வரிசையைக் கொடுக்காது. திரையில் பாடகர் பெயர் பெரிதாக இருக்கும். எழுதியவர் பெயரைப் பார்க்க இரண்டு மூன்று இடம் தட்டி உள்ளே போக வேண்டும். நெட்டி டார்சி எங்குமே இல்லை. அந்த வரிசையை நாம்தான் படித்து, நாம்தான் கோத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகக் கேட்க விரும்புபவர்களுக்கு என் யோசனை, கேட்கத் தொடங்கும்போது ஸ்டுடியோப் பதிவை விட சபைப் பதிவைத் தேர்ந்தெடுங்கள். 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்தில் இரண்டு இரவுகளும் முழுமையாக இருக்கும் 1999 வெளியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டாம் இரவில் 'நெவர் குரோ ஓல்ட்' வரும். அரேதா பியானோவில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்க, அவருடைய அப்பா, போதகர் சி.எல். ஃபிராங்க்ளின், எழுந்து வந்து மகளின் முகத்து வியர்வையைத் துடைப்பதைப் படத்தில் பார்க்கலாம். இதே பாட்டை அரேதா 14 வயதில், 1956இல், டெட்ராய்ட்டில் அப்பாவின் நியூ பெத்தேல் சபையில் பாடிய பதிவும் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சிறுமியின் குரலில் துணிச்சல் இருக்கிறது. 29 வயதுக்காரியின் குரலில், நடுவே வாழ்ந்த வாழ்வு முழுவதும் இருக்கிறது.

ஆங்கிலம் தடையாகத் தெரிந்தால் பிளைண்ட் வில்லி ஜான்சனிடம் போங்கள். டெக்சஸைச் சேர்ந்த பார்வையற்ற தெருப் பாடகர். 1927 டிசம்பரில் டல்லாஸில் அவர் பதிவு செய்த 'டார்க் வாஸ் தி நைட்' பாட்டில் சொற்களே கிடையாது. கிட்டார் கம்பியில் வழுக்கி ஓடும் இழைப்பும், ஆலாபனை போல நீளும் முனகலும் மட்டுமே. கெத்செமனே தோட்டத்து இரவைப் பற்றிய பழைய பாட்டின் தொடக்கச் சொற்கள் அவை. பாட்டைத் தள்ளிவிட்டு வேதனையை மட்டும் வைத்துக்கொண்டார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டில் அந்தப் பதிவு இருக்கிறது. நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரலும் அதே தட்டில் போயிருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கிறது என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். கோஸ்பலின் பொற்காலத்து இசைத்தட்டுகளில் பெரும்பகுதி அழிந்துகொண்டிருக்கிறது என்று, டெக்சஸ் பேய்லர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் டார்டன் 2005இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். சிறு நிறுவனங்கள் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, சபை வாசலில் விற்று முடித்த தட்டுகள் அவை. அந்தக் கட்டுரையின் பலனாகப் பல்கலைக்கழக நூலகமே ஒரு மீட்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. தட்டுகளைத் தேடிப் பெற்று, சுத்தம் செய்து, இருபுறமும் டிஜிட்டலாக மாற்றி வருகிறார்கள். அப்படி மாற்றும்போதுதான் டார்டன் கவனித்தார்: வானொலியில் ஒலித்த முதல் பக்கம் சாதாரண பக்திப் பாட்டாக இருக்க, யாரும் போடாத பின்பக்கங்களில் விடுதலைப் போராட்டப் பாடல்கள் பலவும் இருந்தன. கறுப்பர்கள் வெளிப்படையாகப் பேசினால் உயிருக்கே ஆபத்து என்றிருந்த ஆண்டுகளில், சபைகள் அந்தப் பக்கத்தில் பாடி வைத்திருக்கின்றன. எந்தச் செயலியின் பரிந்துரையிலும் தானாக வந்து நிற்காத பாடல்கள் அவை. நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது அந்தப் பின்பக்கங்களைத்தான்.